ரோலண்ட் ஆர்இ-201 ஸ்பேஸ் எக்கோ: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

ரோலண்ட் 1974-இல் வெளியிட்ட ஆர்இ-201 டேப் எக்கோவை, அதாவது ஒலியைக் காந்த டேப்பில் பதிந்து சற்றுத் தாமதமாகத் திரும்ப ஒலிக்கவைக்கும் பெட்டியை, பல வருடங்களாக வைத்திருக்கிறேன். கிட்டார், குரல், கீபோர்டு எல்லாமே அதன் வழியாகப் போயிருக்கின்றன. வாங்கலாமா என்று கேட்பவர்களிடம், அடிக்கடி மூடியைத் திறந்து துடைக்கப் பொறுமை இருந்தால் தயங்காமல் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். இந்தப் பெட்டியில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை சர்க்யூட்டில் வருவதில்லை, டேப் ஓடும் பாதையில் வருகின்றன. இது புரிந்துவிட்டால் பாதிச் செலவு மிச்சம்.

உள்ளே ரீல் எதுவும் கிடையாது. கால் அங்குல டேப் ஒன்று முனைகள் ஒட்டப்பட்டு வளையமாக, ஒரு தட்டையான அறைக்குள் தளர்வாக மடிந்து கிடக்கும். மோட்டார் சுழற்றும் கேப்ஸ்டன் என்ற உலோகத் தண்டும், டேப்பை அதன்மேல் அழுத்தும் பிஞ்ச் ரோலர் என்ற ரப்பர் உருளையும் அதை இழுத்துச் செல்லும். வழியில் டேப்பைத் தொட்டு நிற்கும் காந்த ஹெட்கள்: பழையதை அழிக்கும் ஹெட், பதியும் ஹெட், அப்புறம் பதிந்ததைத் திரும்ப ஒலிக்கும் மூன்று ப்ளேபேக் ஹெட்கள். எக்கோவின் இடைவெளி என்பது பதியும் ஹெட்டிலிருந்து ப்ளேபேக் ஹெட் வரை டேப் போய்ச்சேர எடுக்கும் நேரம், அவ்வளவுதான். ரிப்பீட் ரேட் குமிழைத் திருப்பினால் மோட்டாரின் வேகம் மாறும். வேகம் குறையக் குறைய எக்கோ நீளும், கூடவே ஒலியின் கூர்மையும் குறையும். அந்த மங்கல்தான் இதன் அழகு.

ஆனால் அழுக்கினாலும் ஒலி மங்கும். டேப்பிலிருந்து உதிரும் பழுப்புப் பொடி ஹெட்டில் படிந்தால் முதலில் போவது ட்ரெபிள் எனும் உச்ச ஒலிகள்தான். எக்கோ கம்பளிக்கு அடியிலிருந்து வருவது போல இருந்தால் நான் சோல்டரிங் அயர்னைத் தேடுவதில்லை, பஞ்சுக் குச்சியையும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலையும் எடுக்கிறேன். ஹெட், கேப்ஸ்டன், உலோக வழிகாட்டிகள் எல்லாவற்றையும் பஞ்சில் பழுப்பு ஏறுவது நிற்கும் வரை துடைக்க வேண்டும். ரப்பர் ரோலருக்கு மட்டும் ஆல்கஹாலைத் தாராளமாகப் போடக் கூடாது, ரப்பர் காய்ந்து கெட்டியாகிவிடும். பளபளப்பேறிய ரோலர் டேப்பைப் பிடிக்காமல் வழுக்கும், சுருதி தள்ளாடும். லேசான தள்ளாட்டம் இந்தக் கருவிக்கே உரியது. பிடித்த ஸ்வரம் நிற்காமல் அலைந்தால் ரோலரை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

கோளாறைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம் என்பது எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம். எக்கோ எத்தனை முறை திரும்ப வரும் என்பதை மாற்றும் இன்டென்சிட்டி குமிழை முழுதாகக் குறைத்த பிறகும், எப்போதோ வாசித்தது டேப் ஒரு சுற்று முடித்துத் திரும்ப வரும்போது மெல்லக் கேட்கிறதா? அழிக்கும் ஹெட்டைத் துடைத்துப் பாருங்கள். துடைத்த பிறகும் கேட்டால்தான், அழிக்கவும் பதியவும் ஹெட்களுக்கு உயர் அதிர்வெண் மின்சாரம் தரும் பயஸ் ஆசிலேட்டர் பக்கம் போக வேண்டும். எந்த ஹெட் ஒலிக்க வேண்டும் என்பதை மோட் சுவிட்ச் தேர்வுசெய்யும், இரண்டாவது மோடில் இரண்டாவது ஹெட் மட்டும். அதில் எக்கோவே வரவில்லை என்றால் ஹெட் செத்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். நான்காவது மோடில் இரண்டாம், மூன்றாம் ஹெட்கள் சேர்ந்து ஒலிக்கும். அங்கே இரண்டாவது ஹெட்டின் எக்கோ கேட்டால் ஹெட் நன்றாகத்தான் இருக்கிறது, மோட் சுவிட்சின் தொடர்பில்தான் பிசகு. கான்டாக்ட் கிளீனரை அடித்துச் சுவிட்சைச் சில முறை திருப்பினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். பன்னிரண்டாவது மோடில் ஸ்பிரிங் ரிவெர்ப் மட்டும், அதாவது கம்பிச்சுருளின் அதிர்வால் வரும் முழக்கம். அதில் ஒன்றும் வராவிட்டால் டேப்பை விட்டுவிட்டு அந்தச் சுருள் இருக்கும் ரிவெர்ப் தொட்டிக்குப் போகும் மெல்லிய கம்பிகளைப் பாருங்கள்.

டேப்பில் சிக்கனம் பார்க்கக் கூடாது. இதற்குப் பின்பக்கம் வழுவழுப்புப் பூச்சுள்ள டேப்தான் வேண்டும். சாதாரண டேப் தன்மேலேயே உரசி ஒட்டிக்கொண்டு அறைக்குள் சிக்கும். முனைகளைச் சாய்வாக வெட்டி, அதற்கென்றே வரும் ஸ்ப்ளைசிங் டேப்பால் ஒட்ட வேண்டும். செல்லோடேப்பின் பசை கசிந்து ஹெட்டில் படியும்.

ஹெட்களில் தங்கும் காந்தத்தை நீக்குவதும் முக்கியம். பெட்டியை அணைத்துவிட்டு, டீமேக்னடைசரை ஹெட்டிலிருந்து தள்ளி வைத்து இயக்கி, மெல்ல அருகே கொண்டுவந்து, அதே நிதானத்தோடு விலக்கிய பிறகே அணைக்க வேண்டும். ஹெட்டுக்குப் பக்கத்திலேயே அணைத்தால் காந்தம் ஏறிவிடும்.

என் கைக்கு வரும் முன்பே யாரோ உள்ளிருந்த டிரிம்மர்களை, அதாவது சர்க்யூட்டின் அளவுகளைச் சரிசெய்யும் சிறு திருகுகளையெல்லாம், இஷ்டத்துக்குத் திருப்பியிருந்தார்கள். பயஸும் பதிவு அளவும் தாறுமாறாக இருந்தன. சர்வீஸ் மேனுவலும் ஆசிலோஸ்கோப்பும் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிசெய்ய வேண்டியிருந்தது. அழுக்கு ஹெட்டை வைத்துக்கொண்டு டிரிம்மரைத் தொடுவது இந்தக் கருவிக்குச் செய்யும் அநியாயம். பழைய எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களைப் பொறுத்தவரை பவர் சப்ளையில் இருப்பவற்றை மாற்றியது நல்லதாகப் போயிற்று, இரைச்சல் குறைந்தது. உள்ளே வரும் ஒலியை முதலில் பெருக்கும் ப்ரீஆம்பில் கை வைக்கவில்லை. டேப்பில்லாமல் நேராக வாசித்தாலும் அது கிட்டாருக்கு ஒரு தடிமனைத் தருகிறது, அதை இழக்க எனக்கு மனமில்லை.

வாங்கப் போகிறவர்கள் முதலில் பின்பக்க வோல்ட்டேஜ் லேபிளைப் பாருங்கள். ஜப்பானில் விற்றவை 100 வோல்ட்டுக்கானவை, 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். அப்புறம் மூடியைத் திறந்து ஹெட்களின் முகத்தை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். விரல் நகத்தில் தட்டுப்படும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் விலையை நன்றாகக் குறைத்துக் கேளுங்கள். மற்றது எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம், நல்ல ஹெட் கிடைப்பதுதான் கஷ்டம்.