எட்டுப் பைகளுக்கு ஒரே கட்டி: ஒரு மாடித்தோட்டத் தொகுப்பு பற்றி

ஆடிப்பட்டத்துக்கு முன்பே கைக்கு வந்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், சென்ற ஆண்டு ஆனி மாதக் கடைசியில், இணையவழியில் 1,450 ரூபாய் கொடுத்து நான் வாங்கிய மாடித்தோட்டத் தொகுப்பைப் பற்றியது இந்த மதிப்பீடு. ஏறத்தாழ இதே பொருள்களைக் கொண்ட தொகுப்புகள் பல பெயர்களில் விற்கப்படுவதால், விற்பனையாளரின் பெயரைக் குறிப்பிடவில்லை. எட்டு க்ரோ பேக்குகள் (செடி வளர்க்கும் பைகள்), 5 கிலோ கோகோபீட் (தேங்காய் நார்க்கழிவு) கட்டி ஒன்று, 5 கிலோ மண்புழு உரம், பத்து விதைப் பொட்டலங்கள், 100 மில்லி வேப்பெண்ணெய், ஒரு கைக்கரண்டி ஆகியவை பெட்டியில் இருந்தன. கைக்கரண்டி முதல் நாளே வளைந்துவிட்டது; அதைப் பற்றி மேலும் சொல்ல ஒன்றுமில்லை.

பைகள் நன்றாக இருக்கின்றன. நெய்த பச்சை நிற ஹெச்.டி.பி.ஈ. (அடர்த்தி மிக்க பாலித்தீன்) விரிப்பில் வட்ட அடியோடு தைக்கப்பட்டவை. இருபுறமும் கைப்பிடி உண்டு. அடியில் வடிகால் துளைகள் போதுமான அளவில் உள்ளன. சென்னையின் அக்கினி நட்சத்திர வெயில் முழுவதையும் மொட்டை மாடியில் தாங்கிய பிறகும் தையல் பிரியவில்லை, இழை பொடியாக உதிரவுமில்லை என்பதால், புற ஊதாக் கதிரைத் தாங்கும்படி பதப்படுத்தப்பட்டவை என்ற விளம்பரத்தை நம்பலாம். 12 அங்குலம் என்று சொன்னால் விட்டமும் உயரமும் உண்மையாகவே 12 அங்குலம். இதைக் குறிப்பிட்டுச் சொல்லக் காரணம் உண்டு: தட்டையாக மடிந்த பாலித்தீன் பைகளை விற்பவர்கள், விரிக்காத நிலையில் உள்ள அகலத்தையே அளவாகப் போடுகிறார்கள், பக்க மடிப்பு இல்லாத 12 அங்குல அகலப் பையை மண் நிரப்பி வட்டமாக நிறுத்தினால் அதன் விட்டம் எட்டு அங்குலம்கூட வராது.

தொகுப்பின் உண்மையான குறை, பைகளுக்கும் அவற்றை நிரப்ப வேண்டிய கலவைக்கும் இடையிலான கணக்கில் இருக்கிறது. இந்த அளவுள்ள பை ஒன்றின் கொள்ளளவு ஏறக்குறைய 22 லிட்டர். நீர் ஊற்ற மேலே இரண்டு அங்குலம் விட்டாலும் 18 லிட்டருக்குச் சற்று மேல் கலவை வேண்டும். எட்டுப் பைகளுக்கு 145 லிட்டருக்குக் குறையாது. 5 கிலோ கட்டியோ, முழுமையாக ஊறி உதிர்ந்த பிறகு 70 முதல் 75 லிட்டர் வரைதான் தரும். மண்புழு உரத்தையும் சேர்த்துக் கலந்த பின் என்னால் நிரப்ப முடிந்தது நான்கு பைகளை மட்டுமே. தமிழ்நாடு தோட்டக்கலைத் துறை 2021-22ஆம் ஆண்டில் மானிய விலையாக 225 ரூபாய்க்கு வழங்கிய மாடித்தோட்டத் தளையில் (தொகுப்பில்), ஆறு பைகளுக்கு 2 கிலோ கட்டிகள் ஆறு, அதாவது பைக்கு ஒன்று வீதம் இருந்தன. பைக்கு இரண்டு கிலோ என்பது நியாயமான கணக்கு; இங்கே கிடைத்ததோ பைக்கு 625 கிராம்.

அந்தக் கட்டியின் தரத்தையும் பார்க்க வேண்டும். உறையில் ‘கழுவப்பட்டது’ என்று அச்சிட்டிருந்தார்களே தவிர, உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் எண் எங்கும் இல்லை. நான் அதை நம்பி ஒரே முறை ஊறவைத்து நிரப்பினேன். பத்து நாளில் தக்காளி நாற்றுகளின் இலை நுனிகள் கருகின. மீதியை மூன்று முறை நீர் மாற்றி அலசிய பிறகு நட்ட நாற்றுகளுக்கு அந்தத் தொல்லை வரவில்லை. மக்காத நார்க்கழிவில் கார்பனும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) சுமார் 112:1 என்ற விகிதத்தில் இருப்பதால், அதை மக்கவைக்கும் நுண்ணுயிரிகள் செடிக்குரிய தழைச்சத்தையும் தாமே எடுத்துக்கொள்கின்றன. ‘கோகோபீட் இருந்தால் போதும்’ என்று விற்பனைப் பக்கத்தில் எழுதியிருப்பது, ஆகவே, தவறான வழிகாட்டல். மீதி நான்கு பைகளைச் செம்மண், மக்கிய தொழுவுரம், கோகோபீட் மூன்றையும் சம பங்காகக் கலந்து நிரப்பினேன். வெண்டையும் கொத்தவரையும் அவற்றில்தான் நிமிர்ந்து வளர்ந்தன. தளத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் கவனிக்க: முதல் சில வாரங்களுக்குக் கோகோபீட்டிலிருந்து கஷாய நிறத்தில் நீர் வடியும், வெள்ளைப் பூச்சில் அந்தக் கறை எளிதில் போகாது. பைகளைச் செங்கல் மேல் வைத்து, அடியில் தட்டு வைப்பது நல்லது.

விதைகளைப் பற்றி அரைகுறை மனத்தோடுதான் எழுத வேண்டியிருக்கிறது. வெண்டை, முள்ளங்கி, கீரை வகைகள் குறையில்லாமல் முளைத்தன. மிளகாய் இருபதில் ஐந்துதான் முளைத்தது. இந்தியாவின் விதைச் சான்றளிப்புத் தரத்தின்படி மிளகாய்க்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறன் 60 விழுக்காடு, தக்காளிக்கும் கத்தரிக்கும் 70. பொட்டலத்தில் முளைப்புத்திறனோ, பரிசோதித்த தேதியோ, இரகத்தின் பெயரோ இல்லை; ‘நாட்டு விதை’ என்ற இரண்டு சொற்கள் மட்டும் பெரிய எழுத்தில் இருந்தன. பி.கே.எம். 1 தக்காளி என்று இரகத்தைச் சொல்லி விற்கும் விதை நாட்டு விதை என்ற பெயருக்கு ஈடாகாது என்று நினைப்பவர்கள் இருக்கலாம். ஆனால் எது எத்தனை நாளில் காய்க்கும் என்பதைத் தெரிந்து நடுவதற்கு எனக்கு இரகத்தின் பெயர் வேண்டும்.

வேப்பெண்ணெய் தரமானது. லிட்டருக்கு மூன்று மில்லி வீதம், சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளித்து வந்ததில் கத்தரியின் மாவுப்பூச்சி கட்டுப்பட்டது.

கலவை போதாததைப் பற்றி விற்பனையாளருக்கு எழுதியபோது மறுநாளே மன்னிப்புக் கேட்டுப் பதில் வந்தது. ஐந்தாம் நாள் இன்னொரு 5 கிலோ கட்டியைக் கட்டணமின்றி அனுப்பிவைத்தார்கள். அந்த அக்கறையைப் பாராட்டுகிறேன். எனினும் இதை எழுதும் இன்றும் அவர்களுடைய விற்பனைப் பக்கத்தில் ‘எட்டுப் பைகளுக்கும் போதுமான கலவையுடன்’ என்ற வரி அப்படியே இருக்கிறது. பைகளைத் தனியாகவும் விற்கிறார்கள். அடுத்த ஆடிக்கு அவற்றை மட்டும் வாங்குவேன்.