குன்னூரில் மூன்று நாள், ஒரு ரப்பர் புஷ்

ஊர் வந்து சேர்ந்த மறுநாளே அந்தச் சத்தம் கேட்டுவிட்டது. பெட்ஃபோர்டு ஏற்றத்தில் முன்னால் போன சுற்றுலா வேன் நின்றது, நாங்களும் நின்றோம். அப்பா மறுபடி கிளட்சை விட்டதும் பின் சீட்டுக்கு அடியில் ‘டொங்’ என்று ஒரு இடி. யாரோ டிக்கியில் அம்மிக்கல்லைப் போட்டது மாதிரி.

“என்னப்பா அது?”

“அது ஆறு மாசமா இருக்குடா. ரேடியோவைச் சத்தமா வச்சா கேக்காது.”

வண்டி 2005 மாடல் ஹோண்டா சிஆர்-வி. எஸ்டேட் மேனேஜர் ஒருவரிடமிருந்து அப்பா இரண்டாம் கையாக வாங்கியது. நான் மெல்போர்னில் இருக்கிறேன், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மே மாதம் மூன்று வார விடுமுறையில் வருவேன். ஒவ்வொரு முறையும் ஒரு வாரம் ஏதாவது ரிப்பேருக்குப் போய்விடும். போன தடவை தண்ணீர் மோட்டார், இந்தத் தடவை வண்டி.

நான் வருவதற்கு முன்பே அப்பா கோவையில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் காட்டியிருக்கிறார். கண்ணாடிக் கதவு, ஏசி அறை, காபி எல்லாம் உண்டாம். வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, பின் கிரவுன் (பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கிற பல்சக்கரப் பெட்டி) போய்விட்டது, முழுசாக மாற்ற வேண்டும், பழைய சாமான் கிடைத்தாலே 85,000 ரூபாய் ஆகும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வண்டிக்கு அடியில் யாராவது போய்ப் பார்த்தார்களா என்று கேட்டேன். “இல்லடா, டை கட்டினவங்க எப்படி அடியில போவாங்க?” என்றார் அப்பா.

அம்மா சொன்னதன் பேரில் உள்ளூர் மெக்கானிக் ஒருவரிடம் போனோம். அறுபது வயதைத் தாண்டியவர், எஸ்டேட் ஜீப்புகளில் கை பழகியவர். அவருடைய பட்டறையில் லிஃப்ட் கிடையாது. மலைச்சரிவே லிஃப்ட். மேல் ரோட்டிலிருந்து பள்ளத்தை நோக்கி இரண்டு சிமென்ட் மேடை நீட்டிக் கட்டியிருக்கிறார். வண்டியை அதன்மேல் ஏற்றினால் அடியில் ஆள் நிமிர்ந்தே நிற்கலாம். சக்கரத்துக்குக் கல்தான் முட்டு. இதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மரக்கட்டையாவது வையுங்கள் அண்ணா என்று நச்சரித்த பிறகு, உள்ளே போய் முக்கோண இரும்பு முட்டு நாலு எடுத்து வந்தார். தூசி படிந்து கிடந்தது. இருக்கிறது, எடுப்பதில்லை, அவ்வளவுதான்.

அவர் வண்டியை ஓட்டவே இல்லை. அப்பாவை உட்கார வைத்து, முதல் கியர், ரிவர்ஸ், முதல் கியர் என்று கிளட்சை லேசாக விட்டு விட்டுப் பிடிக்கச் சொன்னார். தான் பக்கவாட்டில் குனிந்து பார்த்தார். அப்புறம் எஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஒரு சின்னக் கடப்பாரையைக் கிரவுனின் வெளிக்கூடான ஹவுசிங்குக்கும் மேல் சட்டத்துக்கும் நடுவே கொடுத்து நெம்பினார்.

“இங்க வா தம்பி, பாரு.”

பார்த்தேன். ஹவுசிங்கைச் சட்டத்தோடு பிடித்து நிறுத்தும் பிராக்கெட்டில் வட்டமாக ஒரு ரப்பர் புஷ். அதற்குள் ஒரு இரும்புக் குழாய், அதன் வழியாக போல்ட். நெம்பும்போது அந்த நடுக்குழாய் ஒரு விரல்கடை அளவுக்கு ஏறி இறங்கியது. ரப்பர் இரண்டு பக்கமும் கிழிந்து, கிழிசலின் ஓரம் பழைய செருப்பு மாதிரி பளபளவென்று தேய்ந்திருந்தது. கடப்பாரையை எடுத்ததும் இரும்பு இரும்பில் மோதி அதே ‘டொங்’.

“கிரவுன் நல்லாத்தான் இருக்குதுங்க சார், அதைப் புடிச்சிருக்கற ரப்பர்தான் செத்துப்போச்சு” என்றார் அப்பாவிடம்.

அப்படியானால் வளைவில் திரும்பும்போது ஒரு முனகலும் வருகிறதே, அது என்ன என்று கேட்டேன். அது வேறு நோய் என்றார். இந்த வண்டி சாதாரணமாக முன் சக்கரத்தால் ஓடுவது. பின் கிரவுனுக்குள் இரண்டு ஆயில் பம்ப் இருக்கிறது. ஒன்று முன் சக்கரத்தின் வேகத்துக்குச் சுற்றும், மற்றது பின் சக்கரத்தின் வேகத்துக்கு. இரண்டும் ஒத்துப்போகிற வரைக்கும் பின்பக்கத்துக்கு இழுவை போகாது. முன் சக்கரம் வழுக்கி முந்தினால் ஆயில் அழுத்தம் ஏறி, கிளட்ச் தட்டுகள் பிடித்துக்கொண்டு பின் சக்கரத்தையும் இழுக்கும். இதற்கென்று தனி ஆயில் உண்டு. பழசானால், ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாகத் திரும்பும்போது முனகும். அந்த இடத்தில் யாரோ புண்ணியவான் சாதாரண 90 நம்பர் கியர் ஆயிலை ஊற்றி வைத்திருந்தார். திறந்து மோந்து பார்த்ததுமே சொல்லிவிட்டார் அண்ணன்.

எனக்கு அப்போதுதான் அந்த இடியின் கதை முழுசாகப் புரிந்தது. எங்கள் தெரு செங்குத்து, பாதி நாள் காலையில் பனியில் நனைந்திருக்கும். ஏற்றத்தில் கிளம்பும்போது முன் சக்கரம் கொஞ்சம் வழுக்கும். உடனே பின்பக்கம் பிடிக்கும். பிடிக்கிற அந்த நொடியில் கிரவுன் ஹவுசிங் தன் இடத்திலேயே முறுக்கிக்கொண்டு எழும்பப் பார்க்கும். அதை அடக்குவது இந்த ரப்பர்தான். இருபது வருடம், தினமும் நாலு தடவை. சமவெளியில் இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் தாக்குப்பிடித்திருக்கும்.

சாமான் தேடுவதுதான் பெரும்பாடு. கோவையில் ஒரு கடைக்காரர் பிராக்கெட்டோடு சேர்த்துத்தான் வரும், ஆர்டர் போட்டால் ஆறு வாரம் என்றார். இன்னொருவர் புஷ் தனியாகவே இருக்கிறது, 2,400 ரூபாய் என்றார். அளவைச் சொல்லச் சொன்னார். அண்ணன் வெர்னியர் என்ற அளவுக் கருவியை வைத்து வெளிவட்டம், உள்துளை, நீளம் மூன்றையும் அளந்து, என் போனில் அவரே குரல் பதிவாக அனுப்பினார். பணத்தை நான் போனிலேயே போட்டேன். பொட்டலம் பஸ்ஸில் வரும் என்றார்கள்.

வந்தது, ஆனால் மறுநாள். சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி நடக்கிற வாரம். சீசனில் பர்லியார் வழியாக ஏறுவது, கோத்தகிரி வழியாக இறங்குவது என்று ஒருவழியாக்கியும், மேட்டுப்பாளையத்திலிருந்து வருகிற 14 கொண்டை ஊசி வளைவிலும் வண்டி நத்தை மாதிரி ஊர்ந்தது. வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்த பிறகு கூட்டம் குறைந்துவிட்டது என்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டில் ஒன்றரை மணி நேரம் நின்று, கண்டக்டர் கையிலிருந்து தினத்தாளில் சுற்றிய அந்த உருண்டையை வாங்கியபோது, ஏதோ கோயில் பிரசாதம் வாங்கியது போல இருந்தது.

வேலை மூன்றாம் நாள். முதலில் கிரவுனில் ஆயில் ஊற்றுகிற போல்ட் மறுபடியும் திறக்கிறதா என்று பார்த்தார், அதற்கு அப்புறம்தான் வடிக்கிற போல்ட்டில் கை வைத்தார். வடித்துவிட்டு ஊற்றுகிற வாய் திறக்காமல் போனால் வண்டி அங்கேயே கிடக்க வேண்டியதுதான். பின்பக்கத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற பிராப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றுவதற்கு முன், அது இணைகிற இரண்டு ஃபிளாஞ்சுக்கும் (வட்டத் தட்டு) குறுக்கே வெள்ளை பெயிண்டில் ஒரு கோடு, மறுபடி அதே பொருத்தத்தில் மாட்ட. ஹவுசிங்குக்கு ஜாக்கி முட்டு கொடுத்து பிராக்கெட்டை மட்டும் இறக்கினார்.

அதை எடுத்துக்கொண்டு லேத் பட்டறைக்கு நானும் போனேன். பழைய ரப்பரை கேஸ் வைத்துக் கொளுத்தி எடுத்துவிடலாம் என்றான் அங்கிருந்த பையன். அண்ணன் ஒரே பார்வை பார்த்தார். ரப்பரை அறுத்து எடுத்து, மிச்சமிருந்த வெளி இரும்பு வளையத்தை ஹேக்சா பிளேடால் உள்ளிருந்து மெதுவாக அறுத்தார். பிராக்கெட்டின் துளையில் ஒரு கீறல் விழக்கூடாது என்று கடைசி அரை மில்லியை அறுக்காமல் உளியால் தட்டி மடக்கினார். புதுப் புஷ்ஷில் ரப்பருக்கு நடுவே பிறை வடிவில் இரண்டு இடைவெளி இருக்கும். பழையதில் அது எந்தத் திசையில் இருந்ததோ அதே திசையில் இறங்க வேண்டும், அதற்கும் பெயிண்ட் கோடு. சோப்புத் தண்ணீர் தடவி பிரஸ்ஸில் வைத்து இறக்கினார்கள். கிரீஸ் தடவலாமே என்று நான் வாயைக் கொடுத்தேன். “கிரீஸ் பட்டா ரப்பர் ஊறிப்போயிரும் தம்பி, ஆஸ்திரேலியாவுல சொல்லித் தரலையா?” லேத்துக்காரர் சிரித்தார். பிரஸ் கூலி 300.

மாலை நாலு மணிக்கு வண்டி கீழே இறங்கியது. சரியான ஆயில் ஒரு லிட்டர், அதையும் புஷ்ஷோடு சேர்த்தே வாங்கியிருந்தோம். கூலி எவ்வளவு என்றேன். 1,800 என்றார். அதே மாதிரி வேலைக்கு நான் இருக்கிற ஊரில் ஒரு மணி நேரக் கூலியே இதைவிட அதிகம். இரண்டாயிரமாகக் கொடுத்தால் மீதி 200-ஐத் தேடி எடுத்துத் தந்தார். பில் கேட்டதற்கு நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதினார். சாமானுக்கு வாரண்டி, ரசீது எதுவும் கிடையாது. அது வேண்டும் என்பவர்களுக்கு இந்த வழி சரிப்படாது. சீசன் மாதத்தில் வருகிறவர்கள் ரிப்பேருக்கென்று மூன்று நாள் தனியாக ஒதுக்கி வைப்பது நல்லது. சாமான் எல்லாம் கீழேயிருந்துதான் ஏற வேண்டும்.

கிளம்பும்போது பிராக்கெட் போல்ட் ஒவ்வொன்றின் தலையிலிருந்தும் சட்டம் வரைக்கும் ஒரு வெள்ளைக் கோடு இழுத்துவிட்டு, “பத்து நாள் ஓட்டிட்டு ஒருக்கா காட்டுங்க, கோடு ஒடஞ்சிருந்தா போல்ட் லூசாயிருச்சுன்னு அர்த்தம்” என்றார். அதற்குள் நான் விமானம் ஏறிவிட்டேன். போன வாரம் அப்பா வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். வண்டிக்கு அடியில் கையை நீட்டி, தலைகீழாக எடுத்தது. பாதிக்கு மேல் மண்ணும் அவருடைய பெருவிரலும்தான். ஓரத்தில் ஒரு போல்ட் தெரிந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். வெள்ளைக் கோடு நேராகத்தான் இருந்தது.