நம்பிக்கைப் பொறுப்பா, உத்தரவாதக் கம்பனியா? ஊருக்குக் காசு சேர்ப்பவர்களுக்கு

எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கென்று ஒரு நிதியம் தொடங்கியபோது, காசு சேர்ப்பதை விட அதைச் சட்டப்படி எந்த வடிவில் வைப்பது என்பதற்குத்தான் அதிகம் கூடிப் பேசினோம். யாழ்ப்பாணத்தில் இப்படியான வேலைக்குப் பெரும்பாலும் மூன்று வழிகள். நொத்தாரிசிடம் உறுதி முடித்து நம்பிக்கைப் பொறுப்பு, அதாவது பொறுப்பாளர்கள் சிலர் மற்றவர்களின் நன்மைக்காகச் சொத்தை வைத்து நடத்தும் 'டிரஸ்ட்', ஏற்படுத்தலாம். 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தன்னார்வ சமூக சேவை அமைப்பாகப் பதியலாம். இல்லாவிட்டால், 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனி அமைக்கலாம். நாங்கள் கம்பனியைத் தெரிவு செய்தோம்.

செலவு என்று பார்த்தால் நம்பிக்கைப் பொறுப்புத்தான் மலிவு. கம்பனிக்குச் செயலாளர், கணக்காய்வு, வருடாந்த அறிக்கை என்று வருடாவருடம் காசு போகும். இரண்டாவது வழி வறியவர், நோயாளர், அநாதைகள், அனர்த்தத்தில் பாதிக்கப்பட்டோர் போன்றோருக்கு உதவும் அமைப்புகளுக்கானது. அது முக்கியமாக மேற்பார்வைக்கான பதிவு. மோசடி என்று தெரிந்தால் இடைக்கால நிர்வாக சபையை நியமிக்க 1998ஆம் ஆண்டுத் திருத்தம் அமைச்சருக்கு அதிகாரம் தருகிறது. ஆனால் பதிந்துவிட்டதால் மட்டும் அமைப்பு, தன் பெயரிலேயே சொத்து வைத்திருக்கக்கூடிய தனி ஆளாகச் சட்டத்தின் முன் ஆகிவிடாது. ஆகவே உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான்.

என்னைப் பொறுத்தவரை தீர்மானிக்க வேண்டிய கேள்வி ஒன்றே: ஆட்கள் மாறும்போது என்ன நடக்கும்? ஊரில் ஆட்கள் நிலைப்பதில்லை. ஒருவர் பிள்ளைகளோடு கனடாவுக்குப் போவார், ஒருவர் கொழும்பில் தங்கிவிடுவார், இன்னொருவர் காலமாகிவிடுவார். நம்பிக்கைப் பொறுப்பின் காணியும் வங்கிக் கணக்கும் பொறுப்பாளர்களின் பெயரிலேயே இருக்கும். தெரிந்த நிதியம் ஒன்றின் நிலையான வைப்பு முதிர்ந்தபோது, வங்கி அலுவலர் உறுதியை மேசையில் விரித்து, பொறுப்பாளர் மூவரும் சேர்ந்து ஒப்பமிட வேண்டும் என்ற வரியில் விரலை வைத்தார். ஒருவர் இறந்துவிட்டார், ஒருவர் ரொறன்ரோவில். அவருக்காக இங்கே இன்னொருவர் ஒப்பமிட அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவத்தை அங்கிருந்து எடுப்பிப்போம் என்றார்கள். ஆனால் பொறுப்பாளர் தன் பொறுப்பை நினைத்தபடி வேறொருவர் கையில் ஒப்படைக்க முடியாது. உறுதியில் அதற்கு இடம் இருக்க வேண்டும். இதில் அந்த வாசகமே இல்லை. புதிய நியமனம், புதிய உறுதி என்று இழுபட, மாதாந்த உதவியை நம்பியிருந்த பிள்ளைகள்தான் தவித்தார்கள்.

கம்பனியில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. காணி, கணக்கு எல்லாம் கம்பனியின் பெயரில். பணிப்பாளர் ஒருவர் விலகினால் சபையில் தீர்மானம், கம்பனிப் பதிவாளருக்குப் படிவம் 20, வங்கிக்குப் புதிய கையொப்பங்கள். உறுதியைத் தொடவே தேவையில்லை. உத்தரவாதம் என்ற சொல்லைக் கேட்டுப் பலர் பயப்படுகிறார்கள். கம்பனி கலைக்கப்பட்டால் யாப்பில் எழுதிய தொகையை, அது சிறிதாகவே இருக்கலாம், உறுப்பினர் தருவதாக ஏற்பதுதான் அது. தருமக் காரியத்துக்கானது என்றால் பதிவாளரின் அனுமதியோடு பெயரிலிருந்து 'வரையறுக்கப்பட்ட' என்பதையும் விட்டுவிடலாம்.

நம்பிக்கைப் பொறுப்பின் பக்கம் பலமான நியாயம் ஒன்று உண்டு. 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புகள் கட்டளைச் சட்டம், தருமப் பொறுப்பு ஒன்றில் உரித்துள்ள ஐந்து பேர் சேர்ந்து அதன் நிர்வாகம் பற்றி நீதிமன்றம் போக வழி வைத்திருக்கிறது. கோயில் வழக்குகளைப் பார்த்த நம் ஊருக்கு இது புதிதல்ல. கம்பனியிலோ கேள்வி கேட்கும் உரிமை முதலில் உறுப்பினருக்குத்தான். ஆயிரம் ரூபாய் போட்ட அம்மாவுக்கு இல்லை. அதனால்தான் உறுப்புரிமையை நாலைந்து பேருக்குள் அடைக்காமல் ஊருக்கே திறந்து வைக்கச் சொல்லி வாதாடினேன்.

இலண்டனிலிருந்து காசு வருமானால், அங்கே ஒரு பவுணுக்கு 25 பென்ஸ் சேரும் வரிச் சலுகை அந்நாட்டில் ஏற்கப்பட்ட அறநிறுவனத்துக்கே கிடைக்கும். நம் பக்கம் எந்த வடிவம் என்றாலும் அது மாறாது. கம்பனியைக் கலைத்து மிச்சக் காசை இன்னொரு அமைப்புக்குக் கொடுக்கும் கட்டம் எங்களுக்கு வரவில்லை, அதைப் பற்றி அனுபவத்தோடு சொல்ல முடியாது.

பரம்பரைக் காணியில் ஒரு மடத்தைப் பராமரிப்பது மட்டும்தான் வேலை என்றால் நம்பிக்கைப் பொறுப்பே போதும். அப்படியானால் உறுதி எழுதும்போதே மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: வெற்றிடத்தை யார் நிரப்புவது, எத்தனை கையொப்பம் போதும், வெளிநாடு போனவர் எத்தனை மாதத்தில் விலகியதாகக் கொள்ளப்படுவார்.