மோட்டார்ஹோம் கேபினில் கீச் சத்தம்: 780 பவுண்டை வாங்கிக்கொண்டு ஏமாற்றிய மெக்கானிக்

780 பவுண்ட். நம் ஊர்க் கணக்கில் 80,000 ரூபாய்க்கு மேல். மாட்டாத பாகத்துக்கும் செய்யாத வேலைக்கும் அந்தப் பணத்தை என் போனிலிருந்து நானே அனுப்பினேன். நேற்று மதியம்தான் அது உறுதியானது. இரவு தூக்கம் வரவில்லை. இங்கிலாந்தில் மோட்டார்ஹோம், அதாவது வீடும் வண்டியும் ஒன்றான வேன், வைத்திருக்கும் நம்மவர்களுக்காக, சத்தத்தை எப்படித் தேடுவது, ஆளை எப்படிப் பார்த்துப் பிடிப்பது என்று எல்லாவற்றையும் எழுதிவிடலாம் என உட்கார்ந்திருக்கிறேன்.

நாங்கள் இருப்பது லெஸ்டரில். போன செப்டம்பரில் 14 வருடப் பழைய மோட்டார்ஹோம் ஒன்று வாங்கினோம். திருச்சியிலிருந்து அம்மா இந்தக் கோடைக்கு வருகிறார். ஓட்டல் சாப்பாடு அவருக்கு ஒத்துக்கொள்ளாது. நாமே ரசம் வைத்துக்கொண்டு ஊர் சுற்றலாம் என்றுதான் சேமிப்பைப் போட்டோம்.

வண்டி நன்றாகத்தான் ஓடியது. பீக் டிஸ்ட்ரிக்ட் பக்கம் ஏ6 சாலையில் மேட்லாக் தாண்டியதும் கேபினுக்குள் ஒரு சத்தம் ஆரம்பித்தது. எண்ணெய் விடாத ஊஞ்சல் கொக்கி போல, கீச்... கீச்... ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒன்று. பக்ஸ்டன் போய்ச் சேர்வதற்குள் என் மனைவிக்குத் தலைவலி வந்துவிட்டது. அம்மாவை இதில் உட்கார வைத்து எப்படி லேக் டிஸ்ட்ரிக்ட் வரை போவது?

இந்தச் சத்தத்தைக் கண்டுபிடிப்பது லேசான வேலை இல்லை. ஃபியட் டுகாட்டோ, ஃபோர்ட் டிரான்சிட் போன்ற சரக்கு வேன்களின் முன்பகுதியை வைத்துக்கொண்டு, பின்னால் வேறொரு கம்பெனி வீடு கட்டித் தருவதுதான் மோட்டார்ஹோம். முன்னால் இரும்புக் கேபின், பின்னால் மரச்சட்டமும் ஃபைபரும். சாலை மேடுபள்ளத்தில் இரண்டும் ஒரே மாதிரி முறுகுவதில்லை. நடுவில் மாட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக், ரப்பர், திரைச்சீலைச் சட்டம், சீட் என்று எது வேண்டுமானாலும் கத்தும். மேலே கேட்கும் சத்தம் கீழிருந்து வரும். குளிர்ந்தால் பிளாஸ்டிக் விறைத்துக்கொண்டு அதிகம் கத்தும், மழையில் கதவு ரப்பர் நனைந்தால் அது மட்டும் அடங்கிவிடும். வாரக்கணக்கில் தேடித் தோற்ற பிறகுதான் நான் ஆள் தேடினேன்.

வீட்டு வாசலுக்கே மெக்கானிக்குகளை அனுப்பிவைக்கும் ஒரு ஆப். பெயர் வேண்டாம். அதில் நட்சத்திரங்களோடு, மோட்டார்ஹோம் வேலையில் அனுபவசாலி என்று ஒருவர் இருந்தார். சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே வந்தார். காலணியைக் கழற்றிவிட்டுத்தான் வண்டிக்குள் ஏறினார். நம் வீட்டு வழக்கம் தெரிந்தவர் என்று என் மனைவிக்கு அப்போதே பிடித்துப்போய்விட்டது. என்னை ஓட்டச் சொல்லிவிட்டு அவர் பயணி சீட்டில் உட்கார்ந்தார். சத்தம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டார். டேஷ்போர்டில் காதை வைத்தார். இரண்டு மைல் தூரம் ஒரு வார்த்தை பேசவில்லை. இத்தனை நாளில் என் வண்டியை இவ்வளவு பொறுமையாகக் கேட்டவர் யாருமில்லை. நான் அவரை நம்பியது அந்த இரண்டு மைலில்தான். இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

முன் சக்கர அதிர்வைத் தாங்கும் தண்டுதான் ஸ்ட்ரட், அதன் மேல்முனையை வண்டியோடு பிணைப்பது டாப் மவுன்ட். அந்த டாப் மவுன்ட் இரண்டும் தேய்ந்துவிட்டன, அந்த அதிர்வுதான் டேஷ்போர்டைக் கத்த வைக்கிறது என்றார். மவுன்ட்டை மாற்றி, டேஷ்போர்டையும் கழற்றி உள்ளே ஃபெல்ட் துணி ஒட்டினால் தீர்ந்தது. ஆப் வழியாகக் கட்டினால் 870 பவுண்ட், நேராக வங்கிக்கு அனுப்பினால் 780. "உங்கள் அம்மா நிம்மதியாகத் தூங்கிக்கொண்டே வருவார்," என்றார். டீ கொடுத்தபோது அம்மா வரும் கதையைச் சொன்னது நாங்கள்தான்.

இரண்டு நாள் வண்டி அவரிடம் இருந்தது. திருப்பிக் கொண்டுவந்ததும், நீங்களே ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள் என்று சாவியைத் தந்துவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டார். தனியாகப் போனேன். சத்தமே இல்லை! திரும்பி வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அங்கேயே நின்று 780 பவுண்டை அனுப்பினேன்.

சனிக்கிழமை மனைவி பக்கத்தில் உட்கார, வண்டி தெருமுனை திரும்பியதும் கீச். அதே கீச். கூடவே முன் கண்ணாடி ஓரத்தூணில் லொடலொடவென்று புதிதாக ஒன்று.

அன்று மாலையே போன் செய்தேன். புது மவுன்ட் படிந்து உட்கார 200 மைல் ஓட வேண்டும் என்றார். ஓட்டினேன். இதற்காகவே டீசல் போட்டு 230 மைல் ஓட்டினேன். பிறகு குளிர் காரணம் என்றார். பிறகு விடுமுறையில் இருக்கிறேன் என்று ஒரு குறுஞ்செய்தி. அதன்பின் போன் எடுக்கவில்லை. ஆப்பில் புகார் கொடுத்தால் ஒரு நாள் கழித்துப் பதில்: உங்கள் திருப்தியே எங்களுக்கு முக்கியம், ஆனால் பணம் எங்கள் வழியாக வரவில்லை, எனவே உத்தரவாதம் பொருந்தாது. ஆளை அனுப்பியது நீங்கள்தானே என்று கேட்டேன். புகார் முடித்துவைக்கப்பட்டது என்று வந்தது. நான் எழுதிய விமர்சனத்தையும் போடவில்லை. சரிபார்க்கப்பட்ட வாடிக்கையாளர் இல்லையாம் நான்! அவருடைய நட்சத்திரங்கள் அப்படியே இருக்கின்றன. வங்கியோ, இது உங்கள் இருவருக்கும் உள்ள வேலைத் தகராறு, மோசடியாக எடுத்துக்கொள்ள முடியாது என்று கைவிரித்தது. மூன்று இடத்திலும் 780 பவுண்ட், 780 பவுண்ட் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

நேற்று வண்டிக்கு எம்ஓடி, அதாவது ஓட்டத் தகுதியாக இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. இங்கே மூன்று வருடம் தாண்டிய வண்டிக்கு ஆண்டுதோறும் கட்டாயம். வண்டி தேறிவிட்டது. புது மவுன்ட் எப்படி இருக்கிறது என்று சோதித்தவரிடம் கேட்டேன். அவர் டார்ச்சோடு என்னையும் கீழே கூட்டிப்போய்க் காட்டினார். ஸ்ட்ரட்டைக் கழற்றாமல் டாப் மவுன்ட்டை மாற்ற முடியாது. அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் தலையில் வருடக்கணக்கான துருவும் சேறும் கட்டிதட்டி இருந்தன. ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. "இதை யாரும் தொடவில்லை," என்றார். எனக்குக் கை நடுங்கியது. ரசீதில் மவுன்ட் இரண்டு 140 பவுண்ட், கூலி 8 மணி நேரம் 640 பவுண்ட் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் தூண் உறையை இழுத்துப் பார்த்தேன். கிளிப் மூன்று உடைந்திருந்தது. அவர் கழற்றிய தடயம் அது ஒன்றுதான். லொடலொட அங்கிருந்துதான்.

பழைய கீச் எங்கிருந்து என்று கண்டுபிடித்தது என் மகள். சாயங்காலம் அவளைப் பயணி சீட்டில் உட்கார வைத்துத் தெருவில் மெதுவாக ஓட்டினேன். வேகத்தடையில் ஏறும்போது அவள் கைப்பிடியைப் பிடித்துச் சற்று எழுந்தாள். சத்தம் நின்றது. உட்கார்ந்தாள், வந்தது. "அப்பா, சீட்டுதான்பா!" என்று கத்தினாள். மோட்டார்ஹோமில் முன் சீட்டை வீட்டுப் பக்கம் திருப்பி உட்காரலாம். அதற்காகச் சீட்டுக்கு அடியில் சுழலும் இரும்புத் தட்டு ஒன்று இருக்கும். அதன் போல்ட் தளர்ந்து, கிரீஸ் காய்ந்து, தட்டோடு தட்டு உரசியிருக்கிறது. ஆள் உட்கார்ந்தால்தான் கத்தும். வாசலில் நின்றுகொண்டு என்னைத் தனியாக ஓட்டவிட்டது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. அந்தச் சீட்டில்தானே முதல் நாள் அவர் உட்கார்ந்து வந்தார்! அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. போல்ட்டை முறுக்கிக் கிரீஸ் தடவினேன். 8 பவுண்ட் கிரீஸ். சத்தம் போய்விட்டது.

சத்தம் தேடும் முறையை விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான். ஒருவர் ஓட்ட, இன்னொருவர் ஒவ்வொன்றையும் கையால் அழுத்திப் பாருங்கள். சீட்டில் எழுந்து உட்கார்ந்து பாருங்கள். சந்தேகப்படும் இணைப்பில் காகித டேப் ஒட்டி ஓட்டிப் பாருங்கள். எது கத்துகிறது என்று சொல்பவர், உங்கள் கண் முன்னால் அதை நிறுத்தியும் திரும்ப வரவைத்தும் காட்ட வேண்டும். காட்டாமல் எதையும் கழற்ற விடாதீர்கள். முதலில் ஓட்டியபோது எத்தனை பேர் எங்கே உட்கார்ந்திருந்தீர்களோ, வேலை முடிந்தபின்னும் அதே மாதிரி உட்கார்ந்து, அதே சாலையில் ஓட்டுங்கள். அதற்கு முன் ஒரு பவுண்டும் கொடுக்காதீர்கள்.

நேரடி வங்கிப் பரிமாற்றம் கூடவே கூடாது. 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரையிலான வேலைக்கு, செய்பவருக்கே நேராகக் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், 1974 நுகர்வோர் கடன் சட்டம் 75ஆம் பிரிவில் கார்டு கம்பெனியிடமே கேட்டிருக்கலாம். 90 பவுண்ட் மிச்சம் என்று ஆப்பின் உத்தரவாதத்தையும் விட்டேன். இப்போது 2015 நுகர்வோர் உரிமைச் சட்டத்தைக் காட்டி, 14 நாள் கெடு வைத்து அவருக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். பதில் வராவிட்டால் சிறு வழக்கு நீதிமன்றம். அங்கே 10,000 பவுண்ட் வரை வக்கீல் இல்லாமலே போகலாம்.

லெஸ்டர், டெர்பி பக்கம் இதே மாதிரி டாப் மவுன்ட் என்று சொல்லி யாரிடமாவது இப்போது வண்டியைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால், பணம் அனுப்பாதீர்கள். கழற்றிய பழைய மவுன்ட் இரண்டையும் கையில் கொடுக்கச் சொல்லுங்கள்.