வீணைப் பெட்டிக்குள் சென்சார் இருக்கிறது என்றால் உடனே நம்பாதீர்கள்

சென்னையிலிருந்து டொராண்டோவுக்குக் கப்பலில் போன தஞ்சாவூர் வீணை ஒன்று, மெழுகில் பதித்த மெட்டுகள் (தந்தியை அழுத்தும் இடத்து உலோகப் பட்டைகள்) சரிந்து, குடத்தில் விரிசலோடு போய்ச் சேர்ந்தது. வழி நெடுக வெப்பம், ஈரப்பதம், அதிர்ச்சி மூன்றையும் கண்காணிப்பதாகச் சொல்லித் தனிக் கட்டணம் வாங்கியது பேக்கிங் நிறுவனம். நஷ்டஈடு கேட்டபோது அவர்கள் நீட்டிய பதிவோ, பெட்டி இன்னும் துறைமுகக் கிடங்கில் கிடந்தபோதே முடிந்திருந்தது.

அவர்கள் வைத்த லாகரில், அதாவது சென்சார் அளவுகளைத் தானே பதிந்து வைக்கும் கருவியில், 16,000 அளவீடுகளுக்குத்தான் இடம். நிமிடத்துக்கு ஒன்று என்று வைத்ததால் 11 நாளில் நிரம்பி நின்றுவிட்டது. 10 நிமிடத்துக்கு ஒன்று என்றால் 111 நாள் தாங்கும். மரமும் மெழுகும் நிமிடத்தில் மாறிவிடாது. கடல் பயணத்துக்கு அது தாராளம்.

வைத்த இடமும் தப்பு. வெளிப்பெட்டியின் மூடியில் ஒட்டிய லாகர் பிளைவுட்டின் சூட்டைத்தான் சொல்லும். ஒரு லாகர் வீணையை மூடிய உறைக்குள், மெட்டுகள் இருக்கும் நீண்ட தண்டியை ஒட்டி இருக்க வேண்டும், இன்னொன்று வெளிப்பெட்டியில். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் பேக்கிங்கின் தரம் தெரியும். வெயிலில் நிற்கும் கன்டெய்னருக்குள் சூடு 50 டிகிரியைத் தாண்டும். தேன்மெழுகு உருக 62 டிகிரி வேண்டும், ஆனால் இளகி மெட்டு நகர அவ்வளவு தேவையில்லை. 24 மெட்டுகளையும் மறுபடி மெழுகில் பதித்துச் சுருதி கூட்டித் தர அந்த ஊரில் ஆள் கிடைப்பது எவ்வளவு கஷ்டம்!

பலமாக அடிபட்டால் சிவக்கும் ஒட்டியான ஷாக் லேபிளில் நடந்தது அப்பட்டமான ஏமாற்று. ஒட்டியிருந்த 75 ஜி லேபிள் (ஜி என்பது அதிர்ச்சியின் அளவு) சின்னப் பார்சலுக்கானது; கனமான பெட்டி கீழே விழுந்தாலும் அது சிவக்காமல் போகலாம். பெரிய பெட்டிக்கு 25 அல்லது 37 ஜி கேளுங்கள். அதையும் மேலே சுற்றிய பிளாஸ்டிக்கில் ஒட்டியிருந்தார்கள், உரித்துப் புதிதாக மாற்றினால் யாருக்கும் தெரியாது. மரத்திலேயே ஒட்டச் சொல்லி, வரிசை எண் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். லேபிள் எப்போது, எங்கே அடிபட்டது என்று காட்டாது. அதற்கு நேரத்தோடு பதியும் ஷாக் லாகர் வேண்டும்.

காற்றுப் புகும் பெட்டியில் போட்ட சிலிகா ஜெல் சீக்கிரமே ஈரம் குடித்து ஓய்ந்துவிடும். அதை வீணையோடு சேர்த்து ஈரம் புகாத உறைக்குள் வைத்து மூடுங்கள். அளவுக்கு மீறிப் போட்டாலும் பலா மரம் உலர்ந்து வெடிக்கும். ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி ஆடாமல் நிற்பதே நல்லது. அனுப்புமுன் தந்திகளைத் தளர்த்தி, சுரைக்காயைக் கழற்றித் தனியே கட்டுங்கள்.

பெட்டி வந்ததும் லேபிளைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். சிவந்திருந்தால் டெலிவரி ரசீதிலேயே எழுதுங்கள். வெளியே தெரியாத சேதத்தைக் கடல் சரக்கானால் 3 நாளுக்குள், விமான சரக்கானால் 14 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். லாகரைத் திருப்பிக் கொடுக்குமுன் பதிவை நீங்களே கணினியில் இறக்கிக்கொள்ளுங்கள்.