முதல் தூண்டிலுக்கு எவ்வளவு செலவழிக்கலாம்? தெலுக் இந்தான் கடை அனுபவம்

செம்பனைத் தோட்டத்துல வேலை முடிஞ்சு சாயங்காலம் மலேசியாவுல இருக்கிற பேராக் ஆத்துல உடாங் காலா (பெரிய ஆத்து எறால்) பிடிக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. சாஞ்ச கோபுரத்துக்குப் பக்கத்துச் சந்துல இருக்கிற தூண்டில் கடைக்கு 300 வெள்ளியோட (ரிங்கிட்) போனேன். தவுக்கே, அதாவது கடை முதலாளி, விலை கூடின ரீல் (நரம்பு சுத்துற உருளை) பக்கமே என்னை விடல.

"உடாங்குக்கு மெல்லிசு கம்பு போதும் தம்பி"ன்னு 1000 சைஸ் சின்ன ரீலையும் ஒரு கம்பையும் எடுத்து வச்சாரு. கம்பு நுனியை விரலால லேசா அமுக்கிக் காட்டினாரு. மீன் மாதிரி எறால் வெடுக்குன்னு இழுக்காது. இரையைக் கொடுக்கால பிடிச்சு மெதுவா நகர்த்தும். அந்தச் சின்ன அசைவு நுனியில தெரியணும், அதுக்குத்தான் மெல்லிசு. தடிச்ச கம்புல ஒண்ணுமே தெரியாது.

கம்பு, ரீல், தூண்டில் நரம்பு, ஈயம், சின்ன முள் எல்லாம் சேர்த்து 95 வெள்ளி. நரம்பைச் சுத்திக் கொடுத்ததுக்குக் காசு வாங்கல. அருமையான மனுஷன்! கைப்பிடி நுரை மட்டும் சுமார்தான், ஓரம் இப்பவே பிய்யுது.

மிச்சக் காசுல நல்ல மிதவை அங்கியும் தலை விளக்கும் வாங்குங்க. படகுல போறவங்க இந்த ரெண்டுலயும் கஞ்சத்தனம் பார்க்கவே கூடாது. ஞாயித்துக்கிழமை காலையில கடையில கூட்டம் தாங்காது, சனிக்கிழமை சாயங்காலமே போயிடுங்க.