‘2.0’ படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டும் முன் ஓர் எச்சரிக்கை

2018 நவம்பர் 29 அன்று வெளியான ‘2.0’ திரைப்படத்தை, ‘எந்திரன்’ படத்தின் தொடர்ச்சி என்ற நம்பிக்கையில் வீட்டிலோ பள்ளியிலோ பிள்ளைகளுக்குக் காட்ட எண்ணியிருப்போருக்காக இதை எழுதுகிறேன். ஐந்நூறு கோடி ரூபாய்க்கு மேல் செலவானதாகப் பேசப்பட்ட படம் அது. முப்பரிமாணக் கேமராக்களிலேயே நேரடியாக எடுக்கப்பட்டது. வெளியீட்டு நாள் பலமுறை தள்ளிப்போனது. அவ்வளவு எதிர்பார்ப்போடு மகளை அழைத்துச் சென்ற எனக்கு, அறிவியல் என்ற பெயரில் அறிவியலுக்கு நேர்மாறான ஒன்றை அவள் தலையில் ஏற்றிவிட்டார்களே என்ற வருத்தம் இன்றும் தீரவில்லை.

திரையரங்கைப் பற்றி முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் பார்த்த அரங்கில், முன்பதிவின்போது குறிப்பிடாத கண்ணாடிக் கட்டணத்தை வாசலில் ரசீதின்றி வாங்கினார்கள். கொடுத்த கண்ணாடிகளில் கீறல்கள் நிறைந்திருந்தன. முப்பரிமாணக் கண்ணாடி திரையின் ஒளியில் பாதிக்கும் மேல் தடுத்துவிடும் என்பதால், புரொஜக்டரின் ஒளியை அதற்கேற்ப உயர்த்தாத அரங்கில் இரவுக் காட்சிகள் வெறும் நிழலாகத்தான் தெரியும். அங்கே அப்படித்தான் தெரிந்தன. இப்படிக் கட்டணம் கேட்டால் ரசீது கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் அளிக்கலாம்.

ஆனால் அரங்கின் குறை அன்றோடு முடிந்துவிட்டது. படத்தின் குறை அப்படி முடியவில்லை. ஊரார் கைகளிலிருந்த கைப்பேசிகள் எல்லாம் பறந்து மறைவதும், அவை திரண்டு ஒரு ராட்சதப் பறவையாக உருவெடுப்பதும் உண்மையிலேயே வியக்கத்தக்க கற்பனை. அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அந்தப் பறவைக்குப் பின்னால் இருக்கும் பறவையியலாளர் பக்‌ஷிராஜன் தன் கதையைச் சொல்லத் தொடங்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. கைப்பேசிக் கோபுரங்களின் கதிர்வீச்சால் சிட்டுக்குருவிகள் அழிகின்றன, பறவைகள் பூமியின் காந்தப்புலத்தை உணர முடியாமல் வழிதவறிச் சாகின்றன என்று அவர் சொல்வதை, படம் ஐயத்திற்கு இடமில்லாத உண்மையாகவே முன்வைக்கிறது. எதிர்த்துப் பேசுவோர் எல்லோரும் பணத்தாசை பிடித்தவர்கள். படம் வெளியாகும் முன், கைப்பேசிச் சேவை நிறுவனங்களின் அமைப்பான செல்லுலார் ஆபரேட்டர்கள் சங்கம், இந்தக் கருத்து அறிவியலுக்குப் புறம்பானது என்று புகார் கொடுத்தபோது, தொழில் நலனுக்காகப் பேசுகிறார்கள் என்று நானும் பலரைப் போலக் கடந்துபோனேன். சங்கத்தின் நோக்கம் எதுவாயினும், கேட்க வேண்டிய கேள்வி அதில் இருந்தது.

பிரிட்டனில் சிட்டுக்குருவிகள் குறையத் தொடங்கியது 1970களின் இறுதியில். அங்கே கைப்பேசி பரவியது அதற்கு வெகுகாலம் கழித்து. 2020இல் வெளியான ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை, பறவை நோக்கர்களின் ஒரு கோடிப் பதிவுகளை ஆராய்ந்து, நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் சிட்டுக்குருவி கடந்த 25 ஆண்டுகளில் ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது என்றும், சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில்தான் குறைந்துவருகிறது என்றும் கூறியது. ஓட்டு வீடுகளின் இடுக்குகள் போய்க் கூடு கட்ட இடமில்லாமல் போனதும், குஞ்சுகளுக்கு ஊட்டப் புழு பூச்சிகள் கிடைக்காமல் போனதும்தான் நகரங்களில் அதற்கான காரணங்களாக ஆய்வாளர்கள் முதலில் சுட்டுபவை. மின்காந்த அலைகளால் பறவைகளுக்கு எந்தத் தொல்லையும் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஜெர்மனியின் ஓல்டன்பர்க் ஆய்வாளர்கள், நகரத்து மின்காந்த இரைச்சல் ராபின் பறவைகளின் திசையறிவைக் குலைப்பதை 2014இல் காட்டினார்கள். ஆனால் அந்த அலைகள் கைப்பேசிக் கோபுரங்களின் அலைகளைவிட மிகக் குறைந்த அதிர்வெண் கொண்டவை. இப்படி நுணுகிப் பார்ப்பதற்குத்தான் அறிவியல் என்று பெயர்.

பக்‌ஷிராஜனின் தோற்றம் இந்தியப் பறவையியலாளர் சாலிம் அலியை நினைவூட்டுவது எனக்குக் கூடுதல் வருத்தம். சிறுவயதில் தான் சுட்டு வீழ்த்திய குருவியின் மஞ்சள் தொண்டையைக் கண்டு, அது என்ன பறவை என்று கேட்டுப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறியவர் அவர். 1987இல் அவர் மறைந்தபோது இந்தியாவில் கைப்பேசியே வந்திருக்கவில்லை. பார்த்ததைக் குறித்துவைத்து, ஐயப்பட்டு, மறுபடியும் பார்த்த ஒரு மரபின் சாயலை, முடிவை முன்பே எடுத்துவிட்ட ஒருவருக்குப் பூசியிருக்கிறார்கள்.

‘எந்திரன்’ இப்படி இருக்கவில்லை. தீயில் சிக்கிய பெண்ணை ஆடையின்றித் தூக்கிவந்து, கூச்சம் என்றால் என்னவென்று அறியாத எந்திர மனிதன் சிட்டி அவளுடைய சாவுக்குக் காரணமாகும் காட்சியில், உணர்வில்லாத அறிவு போதுமா என்ற கேள்வி இருந்தது. அந்தச் சிட்டிக்கு ஆசையும் பொறாமையும் வந்து, இறுதியில் தன்னைத் தானே கழற்றிப் போட்டதைப் பார்த்து நாம் கலங்கினோம். ‘2.0’ படத்தில் அவன் திரும்பி வருவது சண்டைக்கு மட்டுமே. அவன் எதையும் கற்றுக்கொள்வதில்லை, எதற்காகவும் தயங்குவதில்லை. தீய ஆற்றல், நல்ல ஆற்றல், ஒளிவட்டம் என்ற பேச்சுகளால் அறிவியல் புனைவு பேய்க்கதையாகிவிடுகிறது.

பெற்றோர் குறிப்பாகக் கவனிக்க வேண்டியவை இரண்டு. பக்‌ஷிராஜன் கைப்பேசிக் கோபுரத்தில் தூக்கிட்டு உயிர்விடுவதை, இசையும் பறவைக்கூட்டமும் சேர்த்து ஒரு தியாகம் போலக் காட்டியிருக்கிறார்கள். அந்த இடத்தைச் சிறுவர்கள் தனியே பார்க்க விடாதீர்கள். உச்சக்கட்டத்தில் புறாக்களின் மீது ஏறிவரும் குட்டி எந்திரங்கள், அப்புறாக்களைக் கொன்றுவிடுவதாக மிரட்டித்தான் பறவைகளை நேசித்த மனிதரைப் பணியவைக்கின்றன. அதைப் பார்த்து அரங்கம் கைதட்டியது. பக்கத்தில் இருந்த என் மகள், புறாக்கள் என்ன தப்புச் செய்தன என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் படத்தில் எங்கும் விடை இல்லை.